தட்டைக்குத் தக்க பெயர்

போர்களை நிறுத்திய ஒப்பந்தங்கள் உலகில் ஏராளம். ஆனால் ஒரு தட்டையை முன்னிட்டு இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் மனஸ்தாபம் வராமல் காத்த பெருமை, ஜவ்வாது மலையில் இயங்கும் 'அயல்நாட்டு உணவுப் பெயர் ஒருங்கிணைப்புப் பிரிவு' ஒன்றுக்கே உரியது. தட்டையைச் சுட்ட நீலாவதிக்குத்தான் அந்தப் பெருமையின் கனம் முதலில் புரியவில்லை.

சாமை மாவில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து அவளும் இன்னும் ஐந்து பெண்களும் சுடும் தட்டை, கலசப்பாக்கம் சந்தைவரை பிரசித்தம். சென்னை வியாபாரி ஒருவர் தின்று பார்த்துவிட்டு, இதை மூன்று நாடுகளுக்கும் அனுப்பலாம் என்றார். நானூறு பாக்கெட். இருபதாம் தேதி கப்பல். பாக்கெட்டின்மேல் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்க வேண்டும், அதற்குப் பிரிவின் சான்றிதழ் வேண்டும். ஒரு பெயர்தானே, டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி, ஐந்தாம் தேதியே போய் நின்றாள் நீலாவதி.

பிரிவின் தலைவர் விஜயராஜ் அவசரப்படும் ஜாதி இல்லை. தம்மையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழுவைக் கூட்டினார்.

"பிஸ்கட்டுன்னு போட்டுடலாங்க சார்," என்றாள் நீலாவதி.

விஜயராஜ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "லண்டன்காரன் பிஸ்கட்ட டீயில தோய்ச்சித் துன்னுவான். அமெரிக்காவுல பிஸ்கட்டுன்னா மெத்துன்னு பன்னு மாதிரி ஒண்ணு. அதுமேல குழம்பு ஊத்துவான். நம்ம தட்டைமேல அவன் குழம்பு ஊத்திட்டா யாரும்மா பொறுப்பு?"

யாரும் பொறுப்பேற்க முன்வராததால் பிஸ்கட் நிராகரிக்கப்பட்டது.

"அப்ப சிப்ஸுங்களா?"

"லண்டன்ல சிப்ஸுன்னா சுடச்சுட, நீட்டுநீட்டா வறுத்த உருளக்கிழங்கு. நாம சொல்ற சிப்ஸை அவன் கிரிஸ்ப்ஸுன்னுவான். ஆஸ்திரேலியாக்காரன் ரெண்டையுமே சிப்ஸுன்றான்."

'ஆஸ்திரேலியாவின் போக்கு கவலையளிக்கிறது' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

மறு கூட்டத்தில் கத்திரிக்காய் புகுந்தது. லண்டனில் அது ஓபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட். பெயரில் முட்டை இருப்பதால் அது சைவமா என்று ஓர் உறுப்பினர் கேட்க, மூன்று நாள் அந்தச் சிந்தனையிலேயே போயிற்று.

"சார், தட்டையில கத்திரிக்காயே இல்லீங்களே."

"இன்னிக்கு இல்லம்மா. நாளைக்கு நீ சேர்த்தா?"

பதினான்காம் தேதி ஞானம் பிறந்தது. கிராக்கர்! மூன்று நாட்டுக்காரனும் மொறுமொறுப்பான தட்டை வகையைக் கிராக்கர் என்றால் மறுக்க மாட்டான். குழு எழுந்து நின்று கைதட்டியது. விஜயராஜுக்கு விஜயராஜே வாங்கி வைத்திருந்த சால்வை போர்த்தப்பட்டது. 'சாமை கிராக்கர், நானூறு பாக்கெட்' என்ற சான்றிதழின் நகல், விதிப்படி எல்லா அலுவலகங்களுக்கும் பறந்தது. ஒரு நகல் வெடிபொருள் கண்காணிப்புக் கிளைக்கும் போனது. அங்கே கிராக்கர் என்றால் பட்டாசு.

பதினாறாம் தேதி காலை, இரண்டு வாளி மணலோடு அந்தக் கிளையின் ஆய்வாளர் கோவிந்தன் நீலாவதியின் சமையற்கூடத்துக்குள் நுழைந்தார். எரியும் அடுப்பைக் கண்டதும் வெளியே ஓடினார். பெண்களே மணலைக் கொட்டி அணைத்த பிறகே திரும்பி வந்தார்.

"நானூறு பாக்கெட் கிராக்கர வச்சிக்கினு பக்கத்துலயே அடுப்பு எரிக்கிறியேம்மா!"

"எண்ண காயாம எப்புடி சார் சுடறது?"

கோவிந்தன் ஒரு தட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உள்ள இன்னா கருப்பா?"

"மொளகு சார்."

"கடிச்சா சத்தம் வருமா?"

"வரும் சார். வரலைன்னா நமத்துப் போச்சின்னு அர்த்தம்."

அவர் பேனாவை எடுத்தார். 'உள்ளே கருநிறத் துகள்கள் உள்ளன. வெடிக்கும் தன்மை உண்டு. நமத்தால் வெடிக்காது. உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டார்.'

சமையற்கூடத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. மாதிரிக்கு எடுத்த இருபது பாக்கெட், பெயர் வைத்தவர்கள் என்ற முறையில் விஜயராஜ் குழுவின் காவலுக்குப் போயிற்று. கதவில் தொங்கிய அரக்கு முத்திரையைப் பார்த்தபடி ஆறு பெண்களும் நின்றார்கள். ஒரு போகத்துச் சாமை முழுதும் உள்ளே இருந்தது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மறுநாள் விடிந்ததும் நீலாவதி பிரிவுக்கு நடந்தாள்.

குழு அவசரக் கூட்டத்தில் இருந்தது. ஐந்து மேசைகளிலும் காலி டம்ளர்கள். விஜயராஜின் மீசையில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு.

"என் பாக்கெட்டுங்க எங்க சார்?"

"பொதுமக்கள் நலன் கருதி வெடிபொருள் அழிக்கப்பட்டதும்மா. குழுவே நேரடியா இறங்கி அழிச்சிது."

நீலாவதி அந்த மீசையையே பார்த்தாள். "இருபதுமா? யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்களே?"

"ஆவல. லேசா காரம்."

"எதுவும் வெடிக்கலீங்களே?"

"சேச்சே."

"அத்த அப்புடியே எழுதிக் குடுங்க சார்."

பாராட்டுக் கடிதம் கேட்கிறாள் என்று விஜயராஜுக்கு மகிழ்ச்சி. 'இருபது பாக்கெட்டும் ஐந்து அதிகாரிகளால் முழுமையாக அழிக்கப்பட்டன. வெடிப்பு ஏதும் நிகழவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீலாவதி கோவிந்தனை உலுக்கி எடுக்க, பத்தொன்பதாம் தேதி சீல் உடைந்தது. புதுப் பெயர் தேட நேரமில்லை. தமிழ்ப் பெயருக்குச் சான்றிதழ் வேண்டாம் என்று வியாபாரியும் ஒத்துக்கொள்ள, ஆங்கில எழுத்தில் 'தட்டை' என்றே அச்சடித்து முந்நூற்றெண்பது பாக்கெட்டும் லாரி ஏறின. எந்த நாடும் ஆட்சேபிக்கவில்லை.

வியாபாரி மட்டும் போன் செய்தார். இருபது குறைகிறதாம். ரெக்கார்டுக்காகக் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஆங்கிலச் சந்தேகம் என்றால் எங்கே போவது என்று நீலாவதிக்கு இப்போது தெரியும்.

"சார், காவலுக்குக் குடுத்த பொருளக் கேக்காம கொள்ளாம எட்த்துத் துன்னுட்டா, அதுக்கு லண்டன்ல ஒரு பேரு, அமெரிக்காவுல ஒரு பேருன்னு கீதுங்களா?"

விஜயராஜ் கண்களை மூடி ஆழ்ந்து யோசித்தார். குழுவைக் கலந்தார்.

"இதுல கருத்து வேறுபாடே இல்லம்மா. மூணு நாட்லயும் திருட்டுன்னுதான் சொல்லுவாங்க."

பிரிவின் வரலாற்றில் ஒரே நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.