சதுர்த்தசி அன்று சாட்சிக் கூண்டில்

நான் வாயைத் திறந்து கெடுத்த காரியங்கள் எங்கள் குடும்பத்தில் பல உண்டு. வாயை மூடிக்கொண்டு கெடுக்கப் பார்த்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்கிறவர்கள் ஆளுக்கொரு கை மசாலாவும் சேர்த்துவிடுகிறார்கள். (என் மைத்துனன் சொல்லும்போது நான் ஜட்ஜையே அடித்துவிடுகிறேன்.) ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

அறுபதுகளில் நடந்தது. நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம்; எங்கள் ஜனத்தை நயினார் என்று அழைப்பார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிர், கொஞ்சம் மண்டி வியாபாரம். நான் ஐந்தாவது வரை படித்தவன். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன். வடிகட்டாத தண்ணீர் குடிக்க மாட்டேன். அட்டமி, சதுர்த்தசி என்றால் உபவாசம். எறும்பு வரிசையாகப் போனால் நின்று வழிவிட்டுத்தான் நடப்பேன். (எங்கே போனாலும் நான் கடைசி ஆளாய்ப் போய்ச் சேர்வது இதனால்தான்.)

எனக்கு ஒரே தங்கை, சுநந்தா. வல்லத்துக்கு அந்தண்டை ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பாண்டிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறவர் என்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அடியும் உண்டு என்பதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் நான் மல்லாட்டை மூட்டையோடு அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். சோற்றில் உப்பில்லை என்று அவர் இரும்பு வாளியைத் தூக்கி அவள்மேல் வீசுகிறார். தடுத்த கையில் மணிக்கட்டு முறிந்தது. மூட்டையை அங்கேயே தள்ளிவிட்டு, அதே வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது.

"நம்ம ஜனத்துல எந்தப் பொண்ணுடா கோர்ட்டு வாசப்படி ஏறினா?" என்று பெரியப்பா கத்தினார்.

"ஏறாமப் போனதாலதான் பெரியப்பா கை முறியுது" என்றேன். என் வாயிலிருந்து வந்த நல்ல பேச்சுகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கடலூரில் ஓர் இளம் வக்கீலைப் பிடித்தோம். கொடுமைக்காக நேராக விவாகரத்து கேட்க அந்நாள் சட்டத்தில் இடமில்லையாம். முதலில் பிரிந்து வாழ உத்தரவு வாங்க வேண்டும், மற்றது பிறகுதான் என்றார். மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி எதிர்மனு போட்டுவிட்டார்.

"தோத்தா, அந்த வீட்டுக்கே போகச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போட்டுடும், நயினார்" என்றார் வக்கீல். "வாளி வீசினதைப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்."

"நான் இன்னா செய்யணுங்க?"

"தவறாம வந்து நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். போய்ப் போய் நின்றேன். வாய்தா மேல் வாய்தா. ஒருமுறை சுநந்தாவைக் கூண்டில் ஏற்றினார்கள். சாட்சி என்பதால் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். எதிர்க்கட்சி வக்கீல் போட்ட அதட்டலில் அவள் குனிந்த தலை நிமிரவில்லையாம். "நீயாத்தானே வீட்டை விட்டுப் போனே?" என்றதற்கு, பயத்தில் "ஆமாங்க" என்று வேறு சொல்லிவிட்டாளாம். எங்கள் வக்கீல் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவளை அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கோயிலுக்குப் போய் ஆதிநாதர் முன்னால் விழுந்தேன். அடுத்த வாய்தா நாள் சதுர்த்தசியாக அமைந்திருந்தது. அன்றைக்கு உபவாசத்தோடு, சூரியோதயத்திலிருந்து மறுநாள் சூரியோதயம் வரை மௌன நோன்பு இருப்பதாக வேண்டிக்கொண்டேன். தங்கச்சி சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி வக்கீல்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். பேசுவதற்குத்தானே வக்கீல் வைத்திருக்கிறோம்? (இப்படி யோசித்தவனை நம்பித்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது.)

விடியற்காலை பஸ் ஏறினோம். கிழக்கே வெளுத்ததும் வாயை மூடினேன். சுநந்தா ஏதோ கேட்டாள். நான் உதட்டில் விரலை வைத்து, வானத்தைக் காட்டிக் கும்பிட்டேன்.

"இன்னாண்ணா இது? இன்னிக்கா? வேற நாளே கெடைக்கலியா ஒனக்கு?"

நான் புன்னகை செய்தேன். எல்லாம் நல்லதற்கே என்று அதற்கு அர்த்தம்.

கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் ஓடிவந்தார். "வாங்க நயினார்! இன்னிக்கு நீங்கதான் சாட்சி. உங்களை நம்பித்தான் கேஸே இருக்கு."

என் புன்னகை போன இடம் தெரியவில்லை. சுநந்தாதான் சொன்னாள்: "அண்ணன் இன்னிக்குப் பேசமாட்டாருங்க. நோம்பு."

வக்கீல் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதற்குள் டவாலிச் சேவகன் என் பெயரைக் கூவிவிட்டான்.

கூண்டில் ஏறினேன். ஜட்ஜ் பெயரைக் கேட்டார். கும்பிட்டேன். ஊரைக் கேட்டார். கும்பிட்டேன்.

"என்னய்யா, ஊமையா?"

எங்கள் வக்கீல் எழுந்தார். பேச இயலாத சாட்சி சைகையாலோ எழுத்தாலோ சொல்லலாம், சட்டத்திலேயே இருக்கிறது என்றார். நல்ல மூளைக்காரர்.

எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். "யாருங்க பேச இயலாதவர்? போன வாய்தாவில இந்த மனுஷன் என்னை வராந்தாவில நிக்க வெச்சு, ஜீவகாருண்யத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு!" (உண்மை.)

ஜட்ஜ் பெருமூச்சு விட்டு, காகிதம் கொடுக்கச் சொன்னார். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்தில் நான் எழுதியதை யாராலும் படிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. சரி, சைகை காட்டும் என்றார்.

வாளியைக் காட்ட வேண்டுமே என்று, கிணற்றில் நீர் இறைப்பதுபோல் கையை மேலும் கீழும் இழுத்தேன்.

"தண்ணி கேக்கறாருங்க" என்றான் டவாலி.

இரக்கமுள்ள பிள்ளை, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். உபவாசத்தில் எனக்குத் தண்ணீரும் ஆகாது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் விடவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செம்பே கைக்கு வந்திருக்கிறது, இதையே வாளியாக வைத்துக் காட்டினால் என்ன?

செம்பை வாங்கி, மாப்பிள்ளை மாதிரி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, ஓங்கினேன். ஓங்குவதோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். ஈரச் செம்பு வழுக்கிவிட்டது. அது பறந்தது. தண்ணீர் முழுவதும் குமாஸ்தாவின் காகிதங்கள்மேல். செம்பு போய் எதிர்க்கட்சி வக்கீலின் முழங்காலில் பட்டு, கணீரென்று கீழே உருண்டது.

எறும்புக்கு வழிவிடுகிற நான், கோர்ட்டில் ஒரு மனுஷனைச் செம்பால் அடித்துவிட்டேன்.

"உள்ளே தள்ளிடுவேன்!" என்று ஜட்ஜ் மேசையைத் தட்டினார். எதிர்க்கட்சி வக்கீல் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அந்தப் பெண்ணுக்காக வாயைத் திறக்க அவ அண்ணனுக்கே மனசு வரலை. சொல்ல ஒண்ணும் இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றார்.

அது என் நெஞ்சில் குத்திவிட்டது. நோன்பு முறிந்தாலும் முறியட்டும், பாவம் என்னோடு போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணா! வாயத் தொறக்காத!"

சுநந்தா எழுந்து நின்றாள். "சாமிக்கு வேண்டிக்கிட்டது. எனக்காவ நீ அத ஒடைக்க வாணாம். எனக்கு வாயி இருக்குது, நான் பேசிக்கிறேன்." பிறகு ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஐயா, போன வாட்டி பயத்துல ஒளறிட்டேன். இன்னொரு வாட்டி என்னைக் கேளுங்க."

ஜட்ஜ் என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவளைக் கூண்டில் ஏறச் சொன்னார். இந்த முறை அவள் தலை குனியவில்லை. மணிக்கட்டை நீட்டினாள்.

"இந்தக் கைய பாருங்க. மாவு ஆட்டறப்போ இன்னும் வலிக்குது. உப்பு இல்லன்னா உப்பு கேக்கலாம், வாளியத் தூக்கி அடிப்பாங்களா? நானா போனேனான்னு கேட்டாரு இவரு. ஆமாங்க, நானாத்தான் வண்டில ஏறினேன். ஏறலன்னா செத்திருப்பேன். திரும்பிப் போவச் சொன்னா போறேன். ஆனா அடுத்த வாட்டி இங்க வந்து சொல்றதுக்கு நான் இருக்கமாட்டேன், ஐயா."

எதிர்க்கட்சி வக்கீல் விடுவாரா? "போன தடவை வாய் திறக்காதவ, இன்னிக்கு மட்டும் எப்படிம்மா பேசறே? யாரு சொல்லிக்கொடுத்தது? அண்ணனா?"

"எங்கண்ணனா?" என்றாள் சுநந்தா. "அவரு காலைல இருந்து வாயே தொறக்கலீங்களே! நீங்களே பாத்தீங்க இல்ல?"

முதலில் சிரித்தது ஜட்ஜ்தான். பிறகு டவாலி, குமாஸ்தா, எல்லாரும். நான் கூண்டின் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். என் தங்கை அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரியும் வரை அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பதில் சொல்ல எனக்கு வழியில்லை. அவளும் அது தெரிந்துதான் திட்டினாள்.

பிரிந்து வாழ உத்தரவு கிடைத்தது. காலம் வந்தபோது விவாகரத்தும் ஆனது. அண்ணன் வாயைப் பகவான் மூடினார், தங்கை வாயைத் திறந்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். "உன் புத்திக்கொறைவுக்கு ஏண்ணா அவரை இழுக்கற?" என்பாள் சுநந்தா.

பிறகு எங்கள் மண்டியை அவளே நடத்தினாள். பனமலையிலிருந்தும் தளவானூரிலிருந்தும் அடிபட்ட பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள், கோர்ட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்க. எல்லாச் சாதிப் பெண்களும் வந்தார்கள். பெரியப்பாவின் பேத்தியும் ஒருநாள் வந்தாள். எல்லாரையும் சுநந்தாவே அதே வக்கீலிடம் அழைத்துப் போனாள்.

"எங்கண்ணன் வந்து சாட்சி சொல்லுவாருக்கா" என்று ஒரு பெண் சொன்னால் போதும், சுநந்தா கையமர்த்திவிடுவாள்.

"மொதல்ல நீ பேசக் கத்துக்கோ. அண்ணனுங்க எதுக்குன்னா, பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கறதுக்கு."

உடனே எங்கள் வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவேன். கடலூர் போகிற எத்தனையோ பெண்களுக்கு ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்திகூட நின்றுகொண்டு போனதில்லை.