குதிரைக்குத் தாளம், மரத்துக்கு இலை

"குதிரை நொண்டுது" என்றார் டீச்சர்.

"நொண்டல. நீ மரத்தைப் பாரு. ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தெரியுது" என்றார் அவர் கணவர்.

"இலை மேலயா நான் சவாரி போறேன்?"

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்று வருகிறவர்களை நாள் முழுக்க வதைப்பதுதான் தொழில். டீச்சர் நடனம் சொல்லித் தருபவர். இருபது பிள்ளைகள் ஆடினாலும், யார் கால் இம்மி பிந்தியது என்று கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய ஒரு காரியமும் இருந்ததில்லை. டீச்சரின் தங்கை, கல்யாண நாளுக்கென்று இந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்த பிறகுதான், சாயங்காலத்தில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தது. டீச்சர் குதிரை ஓட்டுவார். கண்ணாடிக்காரர் வழி சொல்வார். முடித்ததும் பெட்டியை அணைக்காமல் தூங்க மட்டும் வைப்பார்கள். மறுநாள் குதிரை விட்ட இடத்திலேயே நிற்கும்.

கண்ணாடிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். கேமுக்குள் எதையோ தேடப்போய், 'தெளிவு', 'வேகம்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்த பக்கத்தில் போய் விழுந்தார். பெட்டியின் தெம்பு அவ்வளவுதான். படத்தை நுணுக்கமாக வரைந்தால் அசைவு திக்கும், அசைவு சரளமாக ஓடினால் படம் மங்கும். அவர் 'தெளிவு'க்கு மாற்றி, 'சரி' என்பதை அழுத்தினார். அன்றைக்குப் பிடித்தது குதிரைக்கு நொண்டல்.

டீச்சர் 'வேகம்' வைத்தார். "இப்பப் பாருங்க, என்ன அழகா ஓடுது."

"காடு கசங்கின துணி மாதிரி இருக்கு."

மறுநாள் அவர் கடையிலிருந்து கண் பரிசோதனைப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். மனைவியின் மூக்கில் வில்லை வில்லையாக மாற்றினார்.

"இப்ப இலை தெரியுதா?"

"உங்க பிடிவாதம் நல்லாத் தெரியுது."

பதிலுக்கு டீச்சர் அவரைக் குதிரையின் குளம்படிக்குத் தாளம் போடச் சொன்னார், திக்குவது எங்கே என்று புரியட்டும் என்று. அவர் போட்ட தாளத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "குதிரையே தேவலை" என்றார்.

அதற்குப் பிறகு திருட்டுத்தனம் ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மாற்றிவிடுவார். டீச்சர் தண்ணீர் குடிக்க எழுந்த சாக்கில் மாற்றிவிடுவார். கடைசியாக மாற்றியது யார் என்று இருவருக்குமே தெரியாமல் போனது. பேச்சு குறைந்தது. ஒரு சாயங்காலம் டீச்சர், "துணி மடிக்கணும்" என்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

கண்ணாடிக்காரர் காலி நாற்காலியைப் பார்த்துப் பயந்துபோனார். பெட்டி போனால் போகட்டும். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் என்ன செய்வது? மச்சினிச்சிக்குப் போன் போட்டார்.

"இதை எடுத்துட்டுப் போயிடும்மா. தெளிவா வேகமான்னு தினமும் சண்டை. வீட்டுல நிம்மதி வேணும்."

"நாளைக்கு வர்றேன் மாமா."

மறுநாள் சாயங்காலம், மனைவி சமையலறையில் இருந்தபோது, அவர் சத்தமில்லாமல் 'வேகம்' வைத்தார். கடைசிச் சவாரியாவது அவள் இஷ்டப்படி இருக்கட்டும் என்று நினைத்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஒரு தடவை ஓட்டேன்" என்று கூப்பிட்டார். டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

"குதிரை நல்லாத்தான் ஓடுது" என்றார் அவர், விட்டுக்கொடுத்த பெருமையில்.

"இலையெல்லாம் கூட அழகாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

மலை தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தபோது மச்சினிச்சி உள்ளே நுழைந்தாள். இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சண்டைன்னு சொன்னீங்க? எதுல வெச்சு ஆடுறீங்க?"

"வேகத்துல. உங்க அக்காவுக்காக நான்தான் வெச்சேன்."

டீச்சர் திரும்பினார். "நீங்க முகம் கழுவப் போனப்ப அதை நான் தெளிவுக்கு மாத்திட்டேனே. உங்களுக்காக."

கண்ணாடிக்காரருக்கு மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "பெட்டி இங்கயே இருக்கட்டும்மா" என்றார். "எதுல வேணாலும் ஓடட்டும்."

மச்சினிச்சி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் மாத்துன எதுவுமே மாறல. கேமை முழுசா மூடித் திறந்தாத்தான் மாறும். நான் மாட்டிக் கொடுத்த நாள்ல இருந்து அது ஒரே மாதிரிதான் ஓடிக்கிட்டிருக்கு."

"அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே. கடைசி வரியைப் படிங்க மாமா."