மணி அடிக்காத பூட்டுக்காரர்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன், மன்னிக்கவும். இங்கு அனைவரும் நலம். உங்கள் தியேட்டரில் மின்சாரமும் கூட்டமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்தப் பூட்டு ரிப்பேர்க்காரர் படத்தை வியாழனோடு தூக்கிவிட்டு, மலை வெடிக்கும் படத்தைப் போடப் போவதாக அத்தை சொன்னார். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால் எது நல்ல படம் என்று சொல்லும் வேலையும் என் தலையில்தான், அப்படித்தான் போன ஞாயிறு அம்மாவையும் அப்பாவையும் அழைத்து வந்தேன், அப்பாவோ நாயகன் வரும்போது வீச, தன் வெல்டிங் பட்டறையிலேயே செய்தித்தாள் கிழித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். திரையில் ஒருவர் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்தார்.

"யாரு இவன், வீட்டு ஓனரா?"

"இவர்தாம்ப்பா ஹீரோ."

"வந்துட்டானா? சொல்ல வேண்டாமா?" என்று எழுந்து மொத்தப் பையையும் வீசினார். அதற்குள் சவ ஊர்வலக் காட்சி வந்துவிட்டது. அரங்கில் இருந்ததே ஆறு பேர். எங்களைத் தவிர்த்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உக்காருங்க, மானம் போகுது" என்றாள் அம்மா.

ஆனால் மாமா, அந்தப் பூட்டுக்காரர் தன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட மகளின் வாசலுக்கு வாராவாரம் போய், மணி அடிக்காமல், பூட்டுக்கு எண்ணெய் மட்டும் விட்டுவிட்டுத் திரும்புகிறாரே, உள்ளே மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அதற்கு எத்தனை மலை வெடித்தாலும் ஈடாகுமா? அங்கே ஊரே அழிந்தாலும் நாயகனின் தலைமுடி கலையாது. நாமும் எதையோ கொறித்துக்கொண்டே வீடு திரும்புவோம். நல்ல படம் வீடுவரை கூடவே வரும்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: சவ ஊர்வலத்துக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். எண்ணெய் விடுவது முதல் மூச்சைப் பிடிப்பது வரை எல்லாம் பஸ்ஸில் அப்பா சொன்னது. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையேதான் பேசுகிறாராம். நேற்று என்னிடம், "நீ படிச்சவ, அந்த ஆளு ஏன் கடைசிவரைக்கும் மணிய அடிக்கல, சொல்லு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கிறேன். வருகிற ஞாயிறு ஒரே ஒரு காட்சி மட்டும் வையுங்கள், மாமா.