என் அங்கவஸ்திரத்தைத் தின்ற என்ஜின்

என்னை இன்ஜினியர் என்று முதலில் சொன்னவன் நான் அல்ல, கல்யாணத் தரகர். மறுக்காமல் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவன் மட்டும்தான் நான்.

அப்போது மதுரையில் ஒரு என்ஜின் கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு வேலை. வருகிற உதிரிப் பாகங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்க வேண்டும். டீசல் பம்பு என்றால் மூன்றாவது அலமாரி, இடது பக்கம். அதற்குள் என்ன நடக்கிறது என்று அலமாரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், “தம்பி என்ஜின் கம்பெனியில இருக்காப்ள, இன்ஜினியரு மாதிரி” என்றார். அந்த ‘மாதிரி’ எங்கோ வழியில் விழுந்துவிட்டது. கல்யாணம் முடிந்து போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் இருந்த மாமனார் வீட்டுக்கு நான் விருந்துக்குப் போனபோது, தெருவே என்னை இன்ஜினியர் மாப்பிள்ளை என்றது. (எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? சொன்ன வரைக்கும் போதாதா!)

மாமனார் இல்லாத வீடு. எல்லாப் பொறுப்பும் என் மனைவி தங்கத்தின் அண்ணன் சின்னச்சாமி தலையில். அவரிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருந்தது. யுத்தத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைத்திருந்தார்கள். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, உர மூடை கொண்டுபோய், திரும்பும்போது ஏலக்காய் மூடைகளோடு இறங்கும். இறங்குவதில் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஏறுவதில்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மூச்சு வாங்கி நின்று, பின்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே மேற்கொண்டு யோசிக்கும்.

அந்த மாசி மாதம் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய லாரி ஒன்றைப் பிரித்தபோது பெரிய டீசல் பம்பு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கி நம் வண்டிக்கு மாற்றலாமா, வேண்டாமா? போடியில் பட்டறை வைத்திருந்த சவரிமுத்துவிடம் கேட்கப் போனோம். வெள்ளிக்கிழமை தங்கத்தின் தங்கை ராசாத்திக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மலைக்குப் போக வேண்டும். அதற்குள் வண்டி திடமாக வேண்டும் என்பது மச்சானின் ஆசை.

சவரிமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். பம்பைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாட்டலாம்ணே. மாட்டுனா இழுக்கும். ஆனா பெரிய பம்பு எண்ணெய நெறையாத் தள்ளும். என்ஜின் இழுக்குற காத்து அதே காத்துதான். எண்ணெய் கூடி காத்துக் கூடலேன்னா மிச்சமெல்லாம் பொகைதான். என்ஜினும் சூடேறும். மதுரைக்குக் கொண்டுபோய் இந்த என்ஜினுக்குத் தக்கன அளவு வச்சுக் கொண்டாந்தா மாட்டலாம். பத்து நாளு ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“பழைய பம்பையே தொடச்சு மாட்டுவோம். நாலு மூடை கொறச்சு ஏத்துங்க. ஏறும்.”

எவ்வளவு நல்ல யோசனை! இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது. ஆனால் மச்சான் என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க மாப்ளே. படிச்சவுக” என்றார். பட்டறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பம்பை வாங்கினேன். (கனம் தாங்காமல் உடனே கீழே வைத்தேன்.) குனிந்து பார்த்தேன். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். தேங்காய் வாங்குகிறவன் தட்டுகிற தட்டு. பிறகு, “பிரஷர் நல்லா இருக்கு” என்றேன்.

கழற்றி வைத்த பம்பில் எந்தப் பிரஷரும் இருக்காது. இது சவரிமுத்துவுக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

“மதுரைக்கெல்லாம் அனுப்ப வேண்டாம் மச்சான். எங்க கம்பெனியிலே இப்படித்தான் மாத்துவோம்” என்றேன். அத்தோடு தீர்ப்பு முடிந்தது.

வியாழக்கிழமை சவரிமுத்து வீட்டுக்கே வந்து பம்பை மாட்டினார். அன்று சாயங்காலமே அனுமந்தன்பட்டியில் தன் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவர் கிளம்ப வேண்டியிருந்தது. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், பம்பு உக்காந்துருச்சு. ஸ்டாப் கம்பி மட்டும் பாக்கி. பழைய பம்புல லீவர் இந்தப் பக்கம் இழுத்தா நிக்கும். இதுல அப்படியே மறுபக்கம். அதுக்குக் கம்பிய மாட்ட வேற கொண்டி செய்யணும். நாளைக்குப் பொழுதுசாய வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்னு அண்ணேகிட்டச் சொல்லிருங்க.”

டீசல் வண்டியைச் சாவி திருகி அணைக்க முடியாது. முன்னால் உள்ள ஒரு குமிழை இழுத்தால், அதில் கட்டிய கம்பி போய்ப் பம்பின் லீவரை இழுக்கும், எண்ணெய் நிற்கும், என்ஜின் நிற்கும். சவரிமுத்து சொன்னது அந்தக் கம்பியைத்தான். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளிக்கிழமை வண்டி போகாது என்று மச்சானிடம் சொன்னால் என் தீர்ப்பில் ஓட்டை விழும் என்பதுதான்.

சொல்லவில்லை. விடிந்ததும் நானே குனிந்து, அந்தக் கம்பியைப் பழைய பக்கத்திலேயே இழுத்து முறுக்கிக் கட்டினேன். வேட்டியில் கறை படாமல் கட்டினேன் என்பதில் பெருமை வேறு.

வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே என் மாமியார், தங்கம், உறவுப் பெண்கள் மூன்று பேர், பழத்தட்டுகள். மலையடிவாரம் தாண்டியதும் வண்டி ஏறியது பாருங்கள்! கல் வைக்கிற வளைவுகளையெல்லாம் கல்லைக் கேட்காமலே தாண்டியது. ஒரு பஸ்சைக்கூட முந்தினோம். மச்சான் ஸ்டியரிங்கைத் தட்டி, “மாப்ளே, நீங்க மாப்ளேயில்ல, சாமி!” என்றார்.

பின்னாலிருந்து தங்கம் தார்ப்பாயைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லை தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பாய் விரித்து, இருபது பேர் காத்திருந்தார்கள். வண்டி நின்றதும் பெண்கள் இறங்கினார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள்தானா என்று எனக்கே சந்தேகம். வளைவுக்கு வளைவு புகை உள்ளே சுருண்டு அடித்திருக்கிறது. மாமியாரின் முகத்தில் கண் இரண்டும்தான் வெள்ளை. வாழைப்பழங்கள் எல்லாம் நாவல் பழ நிறத்தில் இருந்தன.

“என்ஜின நிப்பாட்டுங்க மாப்ளே” என்றார் மச்சான், குரல் இறங்கி.

நான் குமிழை இழுத்தேன். என்ஜின் நிற்கவில்லை. உறுமியது.

போதாதென்று இன்னும் இழுத்தேன். இன்னும் உறுமியது. இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டி நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது. கறுப்புப் புகை பந்தலுக்குள் புகுந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். ஒரு மலையாளத்துக்காரர், வெடித்துவிடும் என்று பயந்து, “ஐயோ, பொட்டும்! பொட்டும்! ஓடிக்கோ!” என்று ஏலச்செடிகளுக்குள் பாய்ந்தார். குமிழை விட்டேன். வளைந்த கம்பி திரும்பவில்லை, தப்புப் பக்கம் இழுபட்ட லீவர் எண்ணெயைக் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. மறுபடி உள்ளே தள்ள வேண்டும் என்கிற யோசனை எனக்கு வந்திருக்கலாம். வரவில்லை. (நிறுத்துகிற குமிழை இழுத்தால் நிற்கத்தானே வேண்டும்? ஆகவே தப்பு என்ஜினுடையது என்று இன்னும் ஒருமுறை இழுத்தேன்.)

அப்போது ஒரு வாலிபன் ஓடி வந்தான். பானட்டைத் தூக்கினான். என்ஜின் காற்று இழுக்கும் குழாயின் மூடியைத் திருகி எறிந்தான். “துணி! துணி கொண்டா, வெரசா!” என்று கத்தினான். யாரும் கொடுக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தான். கல்யாணத்துக்கு வாங்கிய பட்டு அங்கவஸ்திரம். நான் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உருவிக்கொண்டான். சுருட்டிக் குழாய் வாயில் திணித்தான். என்ஜின் அதில் பாதியை உள்ளே இழுத்து விழுங்கி, இரண்டு முறை விக்கி, நின்றது.

அந்த வாலிபன்தான் மாப்பிள்ளை பாண்டி. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் என்ஜின் பார்க்கிறவன்.

புகை கலைய நேரமாயிற்று. பாண்டி பம்பைக் காட்டி ஏதோ சொல்ல, அவன் தகப்பனார் இருமிக்கொண்டே வந்து கேட்டார்: “யாரு இந்தப் பம்ப மாத்துனது?”

ஒரு மனிதன் இரண்டு சொல்லில் எவ்வளவு சின்னவனாக முடியுமோ, அவ்வளவு சின்னவனானேன்.

“போடி சவரிமுத்து” என்றேன்.

“சவரியா? எங்க ஸ்டோர் என்ஜினுக்கும் அவன்தான் வருவான். இப்பிடிச் செய்ய மாட்டானே.”

“அவசரத்துல செஞ்சிருப்பார்” என்றேன்.

சம்பந்தப் பேச்சு நடக்கவில்லை. முகம் கழுவித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, பஸ்சில் மலை இறங்கினோம். போடியில் இறங்கியதும் மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். சவரிமுத்து அப்போதுதான் ஊரிலிருந்து வந்து, கொண்டி செய்வதற்குத் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஒன்னைய நம்பித்தானேடா பொம்பளைகள ஏத்துனேன்! என் தங்கச்சி சம்பந்தமே போச்சேடா!” என்று மச்சான் கத்தினார். எதிர் டீக்கடைக்காரர், தையல்காரர், லோடு ஏற்றுகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

சவரிமுத்து எழுந்து நின்றார். அவருக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். “சார், நீங்க ஏதாச்சும் சொல்றீகளா?” என்று கேட்டார். கோபமில்லாத குரல். எனக்கு வழிவிடுகிற குரல்.

நான் சொன்னேன்: “சரி விடுங்க மச்சான். மனுஷன்னா தப்பு நடக்கும். மன்னிச்சிருவோம்.”

ஆமாம், நான் அவரை மன்னித்தேன்.

மறுநாள் சவரிமுத்து தனியாகப் பஸ் ஏறி மலைக்குப் போய், குழாயிலிருந்து துணியைச் சுரண்டி எடுத்து, பழைய பம்பையே மாட்டி, வண்டியைக் கீழே கொண்டுவந்து விட்டார். அன்று முழுக்க நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். தங்கம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சுடவே இல்ல. அந்தக் கம்பிய நீங்க கட்டுனதை நான் கொல்லையில இருந்து பாத்தேன். நீங்களா சொல்லுவீகன்னு ரெண்டு நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன். அண்ணேகிட்ட நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?”

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். சவரிமுத்து கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நின்றார். பம்பைத் தட்டியதிலிருந்து ஸ்டாப் கம்பி வரை சொன்னேன். ஸ்டோர், சீட்டு, மூன்றாவது அலமாரி எல்லாம் சொன்னேன். மச்சான் கேட்டார்:

“அன்னைக்கு நான் இவனை வைஞ்சப்ப எத்தன பேரு நின்னாக?”

“ஏழெட்டுப் பேர்.”

“கூப்புடுறேன். அவுக முன்னாடி சொல்லுங்க.”

“வேணாம்ணே” என்றார் சவரிமுத்து.

“நான் வைஞ்சது அவுக முன்னாடிதானே?” என்று மச்சான் தெருவில் இறங்கினார். ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் வந்ததும், முதலில் அவரே சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அங்கவஸ்திரம் வந்த இடத்தில் தையல்காரர், “எங்க, அந்த எடத்த இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது போடி முழுக்கப் போய், ராசிங்காபுரம் வரை எட்டிவிட்டது.

மலைக்கும் ஏறியிருக்கிறது. நாலு நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது: “உண்மை தெரிஞ்சுபோச்சு. பேசலாம், வாங்க. பஸ்சுல வாங்க.”

ராசாத்தி கல்யாணம் நடந்தது. பாண்டி எனக்குச் சகலை ஆனான். முதல் தீபாவளிக்கு எனக்கொரு அங்கவஸ்திரம் வாங்கிவந்து, “அண்ணே, இது சாப்பிடுறதுக்கில்ல, போடுறதுக்கு” என்றான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்தக் குமிழையும் தொடக்கூடாது. ரேடியோவானாலும் மோட்டாரானாலும் யாராவது, “அவர எந்திரிக்க விடாதீக!” என்று கத்துவார்கள். போன மாதம் மிக்ஸி நிற்காமல் ஓடியபோது, என் மகள் ஓடிவந்து முதலில் என் தோள் துண்டைத்தான் பிடுங்கி ஒளித்தாள்.

பாண்டி மகள் கல்யாணப் பந்தியில் அவன் இந்தக் கதையை மறுபடி சொன்னான். நடித்துக் காட்டினான். பந்தியே குலுங்கியது. என் பக்கத்து இலையில் சவரிமுத்து. தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரில் இருந்த சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கு ஒங்களுக்குக் கோவம் வரலையாண்ணே?” என்று கேட்டார்.

சவரிமுத்து பாயசத்தைக் குடித்து முடித்தார்.

“வந்துச்சு. ரெண்டு நாளு வந்துச்சு” என்றார்.

நான் என் இலையில் எதுவும் மிச்சமில்லை என்பதைக் கவனிக்காமல், வெறும் இலையை வழித்துக்கொண்டிருந்தேன். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “சாருக்குக் கொஞ்சம் மோர் ஊத்துப்பா” என்றார்.