சர்க்கரைப் பசையும் நாத்தனாரின் பட்டுப்புடவையும்

வாரப் பத்திரிகைகளில் 'நீங்களே செய்யலாம்' என்ற பக்கத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பின்கழுத்து அரிக்கும். கடி வாங்கியது என் நாத்தனார்தான். அரிப்பு மட்டும் எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூருக்கு மருமகளாக வந்தேன். கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருடைய முதல் மனைவி காய்ச்சலில் இறந்தபின், மகள் சுகன்யாவை அன்னூரில் இருந்த என் நாத்தனார், அதாவது கணவரின் அக்காதான் இரண்டு வருடம் வளர்த்தார். எங்களுக்குக் கல்யாணமானதும் ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "கொஞ்ச நாள் பாக்கறேன் அம்மணி. புள்ள பழகலைன்னா நானே கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பாசத்தில் சொன்னார். அதனால்தான் பயந்தேன்.

சுகன்யா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். இன்னொரு தோசை வைத்தால் "போதுமுங்க" என்பாள். தலை பின்னிவிட்டால் "சரியா இருக்குதுங்க" என்பாள். (தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.) எனக்கோ அவளை அனுப்ப மனமில்லை. வந்த சில வாரங்களிலேயே அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக நாத்தனார் சொல்லி அனுப்பினார். அந்த வாரம்தான் பத்திரிகையில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. காலி பாட்டில்களில் கலர் பேப்பரை ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் அழகு விளக்கு. ஊறுகாய், காபித்தூள் என்று வீட்டில் இருந்த பாட்டில்களையெல்லாம் கவிழ்த்துக் கழுவினேன். மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்கச் சொல்லியிருந்தது, பூச்சி வராதாம். விஷத்தைப் பிள்ளை கையில் கொடுப்பதா என்று அதை விட்டுவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். காய்ந்த பிறகு பளபளக்கட்டும் என்று நாட்டுச் சர்க்கரையை இரண்டு கை அள்ளிப் பசையில் கரைத்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க ஒட்டினோம். சுகன்யா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள், என் மூக்கில் ஒட்டிய பச்சை பேப்பரைப் பார்த்து. பாட்டில்களைப் பட்டறைக் கட்டுக்கம்பியில் கோத்து வாசலுக்கு மேலே தொங்கவிட்டார் கணவர்.

மறுநாள் இருட்டும் நேரத்துக்கு நாத்தனார் மயில்கழுத்து நிறப் பட்டில் வந்து இறங்கினார். வாசல் லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினோம். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஒளிர்ந்தன. பேப்பரில் சின்னச் சின்னப் புள்ளிகள் வேறு ஊர்ந்தன. "அட, நகருதே" என்று நாத்தனார் சரியாக அடியில் வந்து அண்ணாந்து பார்த்தார்.

சர்க்கரைக்கு வந்த சிவப்பு எறும்புகள் அவை. பாட்டில் சூடேறியதும் அத்தனையும் பிடியை விட்டன. கொண்டையில், கழுத்தில், ரவிக்கைக்குள் எல்லாம் விழுந்தன. நாத்தனார் வாசலில் ஆடிய ஆட்டத்தை எந்தக் கோயில் நோம்பியிலும் நான் பார்த்ததில்லை. பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கொட்டினேன். (அது பட்டு என்பது கொட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

மாற்றுப்புடவையோடு கூடத்தில் உட்கார்ந்தவர் முன்னால் நான் நின்றேன். பிள்ளை போய்விடுவாள் என்று தீர்மானமே செய்துவிட்டேன். பசையில் என்ன போட்டாய் என்று அவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சுகன்யா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவர் கழுத்தில் தடவ ஆரம்பித்தாள்.

"சர்க்கரை போட்டது நானுங்க அத்தை. இவங்களுக்குத் தெரியாதுங்க."

நாத்தனார் சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். சர்க்கரை டப்பா மேல் அலமாரியில் இருந்தது. நானே ஸ்டூல் போட்டுத்தான் எடுப்பேன். பிறகு என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அம்மணி இவ. இன்னைக்கு உனக்கோசரம் சொல்லிப்போட்டா. இனி நான் எங்க கூட்டிட்டுப் போறது?"

அழுதேன். அவரும் அழுதார். அவருக்கு எறும்புக்கடி என்று சொல்லிக்கொள்ள வசதி இருந்தது.

அந்தக் கதை அவரோடு ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு தடவையும் எறும்பு கொஞ்சம் வளரும். சுகன்யாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னபோது அது கிட்டத்தட்டத் தேள் அளவுக்கு வந்திருந்தது. தண்ணீர் ஊற்றியது யாருங்க என்று சம்பந்தியம்மா கேட்டார்.

கூட்டத்தில் ஒளியப் பார்த்த என் கையைப் பிடித்து இழுத்து, நாத்தனார் சத்தமாகச் சொன்னார்: "வேற யாருங்க? புள்ளையப் பெத்தவ மாதிரி நிக்கறாளே, இவதானுங்க."