அரை இஞ்ச் அண்ணாச்சியின் அடுக்களை

டெல்லியில் சமையலறையை இடித்துக் கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இடிக்காத சமையலறையை மனசுக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் எதிர்வீட்டு அரை இஞ்ச் அண்ணாச்சி. ஓர் அடுப்பு மேடையைப் பற்றி அவரளவுக்கு யோசித்த மனிதர் பாரதத் திருநாட்டில் கிடையாது. அவ்வளவு யோசித்திருக்க வேண்டாம் என்று அவரளவுக்கு வருந்தியவரும் கிடையாது.

தொண்ணூறுகளில் மயூர் விஹாரில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சேர்ந்து எழுப்பிய சொசைட்டி பிளாட்டுகளில் நாங்கள் குடியேறினோம். எதிரெதிர் வீட்டில் இரண்டு திருநெல்வேலிக் குடும்பங்கள் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். அண்ணாச்சி ஆறடிக்குக் குறையாத ஆள். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, அவருடைய சட்டைப் பை உயரம்தான் இருப்பார். கான்ட்ராக்டர் யாரை மனதில் வைத்து அளந்தாரோ, எல்லா வீட்டிலும் அடுப்பு மேடை உயரமாக அமைந்துவிட்டது. மதினி ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் சமைப்பார். இட்லிக் கொப்பரையைத் தோளுக்கு நேரே தூக்கி இறக்குவார். சாயங்காலமானால் அந்த வீட்டில் தைலம் மணக்கும்.

"எனக்கு கிரானைட்டும் வேண்டாம், கிரினைட்டும் வேண்டாம் தம்பி" என்பார் என்னிடம். "இந்த மேடைய நாலு விரக்கடை இறக்கிக் குடுத்தாப் போதும். தோள்பட்டை தப்பிச்சிரும்."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் கேட்ட இடம் சரியில்லை. அண்ணாச்சி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். ஆபீசுக்கு ஏர் கூலர் வாங்கும் முடிவு. வந்த கூலர்கள் ஜன்னல் சட்டத்தைவிட அரை இஞ்ச் பெரிசு. அந்தக் கோடை முழுக்க ஆபீஸ் வெந்தது, அண்ணாச்சி விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அன்று வந்த பட்டப்பெயர் மயூர் விஹார் வரைக்கும் பின்தொடர்ந்தது. அதற்குப் பிறகு சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கும் டேப் இருக்கும்.

"முடிவு எடுத்தவனத்தான் வே கேள்வி கேப்பான். யோசிச்சிட்டிருக்கவன எவன் கேப்பான்?" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம்.

யோசித்தார். காப்பி குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே அடுக்களைக்குள் போய் மேடையை அளப்பார். "அம்மா, கரண்டியப் பிடிச்ச மாதிரி முழங்கைய மடக்குங்க பாப்போம்" என்று என் மனைவியை நிற்க வைப்பார். கரோல் பாக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய், முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், சமையல்காரர்களுக்கு நடுவில் டேப்போடு நின்றார். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனேன். பாயசம் வருவதற்குள் எழுந்து உள்ளே போனவர், முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்.

"சமையக்காரன் என்னைய விட ஒசரம் வே. இந்த அளவு செல்லாது."

கொத்து வேலை மிஸ்திரி ஒருவர் இருந்தார், பிகார்க்காரர், பொறுமைசாலி. அண்ணாச்சி ஆள் அனுப்பினால் சுத்தியலோடு வருவார். சுத்தியல் மேடைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது, "பையா, ஏக் மினிட்" என்று அண்ணாச்சியின் குரல் கேட்கும். சிங்க் எந்தப் பக்கம், சிலிண்டர் எங்கே, அக்னி மூலைக்கு அடுப்பு எவ்வளவு தள்ளி என்று ஏதாவது ஒரு சந்தேகம் முளைக்கும். இன்னொருத்தரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்பார். மதினி டீ கொடுப்பார். மிஸ்திரி குடித்துவிட்டுப் போவார். நாளடைவில் அவர் சுத்தியல் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார், டீக்கு மட்டும் வந்தார்.

ஒரு வெயில் காலத்தில் அண்ணாச்சிக்கு அபாரமான யோசனை வந்தது. புதுச் சமையலறையை முதலில் மொட்டைமாடியில் கட்டிப் பார்த்துவிடுவது. செங்கல் அடுக்கினார், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைச் சுவராக நிறுத்தினார். மதினியை நடுவில் நிறுத்திக் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

"சாம்பார் வையி பாப்போம்."

"எதுல வைக்க?"

"வைக்க மாதிரி வையி. கை வலிக்கா, வலிக்கலயான்னு சொல்லு."

மதினி காற்றில் புளி கரைத்து, காற்றில் தாளித்தார். சொசைட்டியே வேடிக்கை பார்த்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் துணி எடுக்க வந்தவர், "பாபிஜி, ஹோட்டல் திறக்கப் போகிறீர்களா?" என்று இந்தியில் விசாரித்தார்.

"இது சரியா இருக்குங்க. வலிக்கல" என்றார் மதினி. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். "எதுக்கும் நாளைக்கு ஒருதடவ பாத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. சாயங்காலமே டெல்லிப் புழுதிக்காற்று வந்து சுவரையெல்லாம் தூக்கிக்கொண்டு போனது. ஒரு பெட்டி சொசைட்டி தலைவரின் ஸ்கூட்டர்மேல் போய் இறங்கியது. சமையலறை பறந்துபோன குடும்பம் என்று தலைநகரிலேயே அவர்களுக்குத்தான் பெயர்.

இதில் வேதனை என்னவென்றால், அண்ணாச்சியின் அளவுகள் எல்லாம் கன கச்சிதம். அவரிடம் யோசனை கேட்டுக் கேட்டு எங்கள் வீடு உள்பட கட்டடத்தில் எல்லோரும் அடுக்களையை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சும்போது மதினி பூவும் பழமுமாக வருவார். புது மேடையில் கையை ஊன்றிப் பார்ப்பார்.

"நல்லா அமைஞ்சிருக்கு. உங்க அண்ணாச்சி சொன்ன அளவுல்லா" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போய்ப் பலகைமேல் ஏறுவார்.

அப்படியே வருஷங்கள் போயின. அண்ணாச்சி ரிடையரும் ஆனார். இனி முழு நேரமும் யோசிக்கலாமே. ஒரு ஜனவரிக் குளிரில் மதினிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

காரியங்களை ஊரில் முடித்துவிட்டு வந்த மறுநாள் காலை, அண்ணாச்சி மிஸ்திரியைக் கூப்பிட்டார். பாவம், அவர் வழக்கம்போல வெறுங்கையோடு வந்தார். "சுத்தியல் எங்கே?" என்று அண்ணாச்சி கேட்டதும் திகைத்துப்போய், திரும்ப வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தார். அன்று அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. டேப்பைக்கூட எடுக்கவில்லை. நேரே நின்று, தன் விலாவுக்குக் கீழே ஓர் இடத்தில் கையை வைத்துக் காட்டினார். மதினி பக்கத்தில் நின்றால் முழங்கை வரும் இடம் அது. அதற்குத் தக்க மேடையை இறக்கச் சொன்னார்.

வேலை முடிந்த பிறகு என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டார். அவரே போட்டார். அத்தனை உயரமான மனிதர், அந்தத் தணிந்த மேடைக்கு முன்னால் வளைந்து நின்று பாலைக் கிளறினார்.

"ஒசத்திருவோமா அண்ணாச்சி? உங்க முதுகு என்னத்துக்காவும்?"

அவர் திரும்பவில்லை. "வேண்டாம் வே. அத்தன வருசம் அவ எட்டி எட்டிச் சமைச்சா. நான் கொஞ்சம் குனியுதேன்."

பால் பொங்கி வழிந்தது. துணியால் துடைத்துக்கொண்டே, "ரெண்டே நாள் வேல வே" என்றார். "ரெண்டே நாளு."

காப்பி சகிக்கவில்லை. நன்றாக இருக்கிறது, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இருந்தவரைக்கும் போனேன்.