எண் போடப்பட்ட கரித்தூள்

சொத்து என்றால் அதன் மேல் எண் இருக்க வேண்டும். எண் இல்லாதது சொத்தே இல்லை. இந்த மேலான கொள்கையை நிலைநாட்டத்தான் சரிபார்ப்பு அதிகாரி ஆய்வுக்கூடத்துக்கு எழுந்தருளினார். நாற்காலி, மேசை, குப்பைக்கூடை எல்லாவற்றிலும் எண் இருந்தது. கடைசியில் உலைக்கார அம்மாவின் கண்ணாடிப் புட்டி முன்னால் வந்து நின்றார்.

உலைக்கார அம்மா என்பது கட்டடமே அவளுக்கு வைத்த பெயர். வாயுவை உலையில் விட்டு, தலைமுடியைவிட ஆயிரமாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய்களை வளர்க்கிறவள். எஃகை மிஞ்சும் உறுதி. மின்சாரத்தையும் ஜோராகக் கடத்தும். அத்தனை வருஷ உழைப்பும் கால் புட்டி கருப்புத் தூளாக இருந்தது. அது கணக்கில் ஏறாவிட்டால் உலையை மூடிவிடுவார்கள்.

"புட்டி மேல நம்பர் இருக்கே சார்" என்றாள்.

"அது புட்டியோட நம்பர். சரக்கோட நம்பர் எங்கம்மா?"

குழாய்கள் கண்ணுக்கே தெரியாது என்று மன்றாடிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு விதிவிலக்கு கிடையாதாம். பெயின்டரை வரவழைத்தார்கள். அவர் புட்டியைப் பார்த்தார், தன் பிரஷைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அதிகாரிதான் வழி சொன்னார்: சரக்கின் மேல் எண்ணை எழுத முடியாவிட்டால், சரக்கைக் கொண்டே எண்ணை எழுதிவிட்டால் போயிற்று. அவள் வாயைத் திறப்பதற்குள் பெயின்டர் புட்டியைப் பெயின்ட் டப்பாவில் கவிழ்த்தார். பாவி மனுஷன் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. சுவரில் எண் நீளமாக எழுந்தது. இடம் போதாமல் கடைசி இலக்கத்தின் வால், மூடி உடைந்த சுவிட்ச் பெட்டிக்குள் நுழைந்தது.

காய்ந்ததும் அதிகாரி விரலால் தொட்டுச் சரிபார்த்தார். அடுத்த நொடி, எண் போட்ட குப்பைக்கூடையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடியே, "சரக்கு உள்ளது; நன்றாக இயங்குகிறது" என்று எழுதினார்.

உலை பிழைத்தது. ஆனால் அதிகாரிக்கு ஷாக் அடித்ததற்கு யார் பொறுப்பு என்று விசாரணை வந்தது. தப்பித்தால் போதும் என்று அவளே ஒரு யோசனை எழுதிக்கொடுத்தாள்: இனிமேல் ரப்பர் கையுறை போட்டுத்தான் சரக்கைத் தொட வேண்டும். மேலிடம் மெச்சிப் பாராட்டி அதை விதியாக்கியது. எல்லா அலுவலகங்களிலும் கையுறைதான் புது மோஸ்தர். நாற்காலியைக்கூட கையுறை போட்டுத்தான் தொட்டார்கள்.

அடுத்த வருஷம் அதிகாரி கையுறையோடு வந்து சுவரைத் தொட்டார். காத்திருந்தார். மறுபடி தொட்டார்.

"சரக்கு செத்துப்போச்சேம்மா."

"கையுறையைக் கழட்டிட்டுத் தொடுங்க சார்."

"அதெப்படி? நீங்க எழுதின விதியாச்சே."

அன்று சாயங்காலமே உலையை மூடினார்கள். செயலிழந்த சொத்துக்குத் தனி எண் வரிசையாம். பெயின்டர் வந்து உலையின் மேல் அழகாக ஒரு புது எண் எழுதினார்.